எச்.ஐ.வி. பயமா? முதலில் தேதியை எழுதுங்கள்

ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது போடவே இல்லை. காலையிலிருந்து வயிற்றைப் பிசைகிறது, இணையத்தில் தேடத் தேடப் பயம் கூடுகிறது. சரி, போனை வைத்துவிட்டு ஒரு தாளில் உறவு நடந்த தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். இனி எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான்.

படி 1: 72 மணி நேரம் ஆகிவிட்டதா?

இல்லையென்றால் இதைப் படிப்பதை விட்டுவிட்டுக் கிளம்புங்கள். மருத்துவமனையில் ‘பெப்’ (PEP) மருந்து கேளுங்கள், உறவுக்குப் பிறகு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கச் சாப்பிடும் மருந்து அது. 28 நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். 72 மணி வரை நேரம் இருக்கிறதே என்று நாளைக்குத் தள்ளாதீர்கள். கூச்சமாக இருந்தால் இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: “நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு ஆணுறை இல்லாமல் உறவு வைத்துக்கொண்டேன். பெப் தேவையா என்று பாருங்கள்.” என்ன வகை உறவு என்று டாக்டர் கேட்பார், மறைக்காமல் சொல்லுங்கள்.

படி 2: பயப்பட வேண்டிய விஷயம்தானா?

முத்தம், எச்சில், கட்டிப்பிடிப்பது, கழிப்பறை, கொசு: இவற்றால் எச்.ஐ.வி. பரவாது. துணைக்குத் தொற்று இருந்தாலும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் கண்டறிய முடியாத அளவில் நீடித்தால், உடலுறவு வழியே பரவாது.

படி 3: டெஸ்ட் தேதியைக் குறியுங்கள்

பலரும் தடுமாறுவது இங்கேதான். மூன்றாம் நாளே ஓடிப்போய் எடுத்த டெஸ்ட், உங்கள் பழைய நிலையைச் சொல்லும். இந்த உறவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ரத்தத்தில் தெரிய வைரஸுக்கு நாள் வேண்டும். நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட் (வைரஸின் பகுதியையும் அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடுவது) 45 நாளில் நெகட்டிவ் என்றால் நம்பலாம். விரல் நுனி ரத்தத்திலோ எச்சிலிலோ செய்யும் ரேபிட் டெஸ்டுக்கு 90 நாள் வைத்துக்கொள்ளுங்கள். பெப் சாப்பிட்டவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும், டாக்டர் சொல்லும் தேதிதான். உடலுறவில் பரவும் மற்ற நோய்களான சிபிலிஸ், கொனோரியா டெஸ்டுகளையும் கேட்டு வாங்குங்கள், எச்.ஐ.வி. பயத்தில் இவற்றை மறந்துவிடுகிறோம்.

படி 4: காத்திருக்கும் நாட்கள்

கண்ணாடி முன் நாக்கை நீட்டி டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள். கழுத்தை அழுத்தி அழுத்தி நெறி தேடினால், அழுத்தியதிலேயே வலிக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ச்சல், தொண்டைவலி வரலாம்தான். சாதாரண சளிக்காய்ச்சலிலும் அதேதான் வரும். அறிகுறி வந்தாலும் வராவிட்டாலும் டெஸ்ட்தான் பதில். அதுவரை ஆணுறை போடுங்கள், ரத்த தானம் வேண்டாம். தூக்கமே கெட்டுவிட்டால் ஆலோசகரிடம் பேசுங்கள்.

படி 5: வீட்டில் கிட் வைத்துப் பார்ப்பவர்களுக்கு

கிட் சரியாக வேலை செய்தது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு வரவில்லையென்றால் அந்த கிட் செல்லாது, வேறு எடுங்கள். கட்டுப்பாட்டுக் கோட்டோடு இரண்டாவது கோடும் வந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும், லேபில் உறுதி செய்ய வேண்டும். அதற்கு முன் அது முடிவு அல்ல. அட்டையில் போட்டிருக்கும் நேரம் தாண்டியபின் தெரியும் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். அப்புறம், கிட்டை நள்ளிரவில் பிரிக்காதீர்கள். மருத்துவமனை திறந்திருக்கும் நாளில், காலையில் செய்யுங்கள்.