கேமராவை எடுக்கும் முன்

மாசுபட்ட ஊரைப் படமெடுக்கப் போகிறீர்களா? முதல் வாரம் கேமரா பையிலேயே இருக்கட்டும். நான் போன அன்றே ஆலைப் புகையை எடுத்துத் தள்ளினேன். எடிட்டிங்கில் ஒரு ஷாட்கூடத் தேறவில்லை. தேறியது ஓர் அம்மாவின் கை. தண்ணீரைத் துணியில் வடிகட்டி, அதில் தங்கிய செம்பழுப்புக் கசடை விரலால் வழித்துக் காட்டினார். அப்படிப்பட்ட கையை நெருங்கிப் போய், அசையாமல், ஒரு நிமிடமாவது எடுங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் 30 விநாடி வெறும் சூழல் ஒலியையும் பதியுங்கள். ஆலைத் தொழிலாளி முகம் காட்டத் தயங்கினால் வற்புறுத்தவே வேண்டாம், அவர் பிழைப்பே போய்விடும்.

ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசத்தால் பாதிக்கப்பட்டவர்களை 1971இல் ஆவணப்படமாக்கிய நொரியாக்கி சுச்சிமோட்டோ, பிறகும் பல ஆண்டுகள் அங்கே திரும்பப் போனார். நீங்களும் போங்கள். முதல் திரையிடல் அந்த மக்களுக்குத்தான். "இது வேண்டாம்" என்று அவர்கள் சொல்லும் காட்சியை வெட்டிவிடுங்கள்.