அடுத்த நாயைக் கொண்டுவரும் முன்

வளர்த்த நாயை அதன் கடிக்கும் குணத்தால் பிரிய நேர்ந்தவர்களுக்கு இது. எங்கள் வீட்டிலும் நடந்தது. அதன் சங்கிலி இன்னும் கொல்லைப்புற ஆணியில்தான் தொங்குகிறது.

மனம் ஆறுமுன்னே அதே நிறத்தில், அதே இனத்தில் இன்னொன்றைத் தேடாதீர்கள். பழைய நாயோடு ஒப்பிட்டே பார்ப்பீர்கள், பாவம் அந்தக் குட்டி. முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: பழைய நாய் எப்போது உறுமியது, யாரைப் பார்த்து, சோற்றுத் தட்டருகிலா, கேட் திறந்தபோதா? காதுப்புண், மூட்டுவலி போன்ற வேதனையாலும் நாய் கடிக்கும். எல்லாமே உங்கள் வளர்ப்பின் குற்றம் அல்ல.

குட்டி என்றால் 8 வாரம் ஆகுமுன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். தாய் நாயை நேரில் பாருங்கள். ஆளைக் கண்டு அது பதுங்கினாலோ பாய்ந்தாலோ திரும்பிவிடுங்கள். ஏறக்குறைய 3 முதல் 14 வாரம் வரைதான் பொன்னான காலம். அப்போது இதமாகப் பழகிய குழந்தைகள், குக்கர் விசில், ஆட்டோ சத்தம் எதுவும் பின்னாளில் அவ்வளவாக மிரட்டாது. தடுப்பூசிகள் முடியும்வரை தரையில் விடாமல், கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டுங்கள்.

ராஜபாளையம், கோம்பை எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனங்கள். ஓட இடமில்லாத மாடி வீட்டுக்கு வேண்டாம்.

என்னைக் கேட்டால், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 2 வயது தாண்டிய, குணம் தெரிந்த நாயே மேல். காப்பகத்தில் பேசி, சில வாரம் வீட்டில் வைத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.