பாதிக் கதையில் புது விதிக்கு மாறினோம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சனிக்கிழமை இரவுகளில் நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன்; ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு அது. 2014 விதிகளில் கதை ஓடிக்கொண்டிருந்தபோது 2024 பதிப்பு வந்தது. சிலர் கையில் பழைய புத்தகம், சிலர் கையில் புதியது. காயம் ஆற்றும் மந்திரத்துக்குப் பழையதில் ஓர் எட்டுமுகப் பகடை, புதியதில் இரண்டு. "அண்ணே, எதை உருட்டுறது?" என்ற கேள்வியிலேயே ஆட்டம் நின்று நின்று போனது.

சரி, கையிலிருந்த அத்தியாயத்தைப் பழைய விதியிலேயே முடித்தோம். அடுத்த வாரம் கதையைத் தொடவில்லை. எல்லாரும் தங்கள் பாத்திரத்தைப் புது விதியில் எழுதினார்கள். கதைக்கு வெளியே ஒரு சண்டை மட்டும் போட்டுப் பார்த்தோம்.

அந்தச் சண்டைதான் உதவியது. முன்பெல்லாம் பதுங்கித் தாக்கினால், திடுக்கிட்டவர் முதல் சுற்றில் அசையவே முடியாது. இப்போது யார் முதலில் என்று பார்க்கும்போது அவர் இரண்டு பகடை உருட்டிச் சின்ன எண்ணை எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். திருடன் பாத்திரம் ஆடும் நண்பனுக்கு முகம் வாடிவிட்டது. அப்புறம் புது விதியில் வந்திருக்கும் ஆயுதத் தேர்ச்சியைக் காட்டினேன்: ரேப்பியர் வாள் ஒரு முறை பட்டுவிட்டால், அதே எதிரி மேல் அடுத்த வீச்சுக்கு இரண்டு பகடை, பெரிய எண் அவனுக்கு. "இது போதும்ணே!" என்றான். எனக்கும் இதுதான் பிடித்திருக்கிறது. வாள் பிடிப்பவர்களுக்கும் ஒவ்வொரு சுற்றிலும் யோசிக்க ஏதாவது இருக்கிறது.

அரக்கர்களுக்கு மட்டும், புதிய அரக்கர் நூல் 2025 பிப்ரவரியில் வரும்வரை பழைய நூலையே வைத்துக்கொண்டேன். இடைஞ்சல் இல்லை.