கவர் பாடலை வெளியிடும் முன் பெற வேண்டிய உரிமங்கள்

பிறர் இயற்றிய பாடலைத் தம் குரலில் மீண்டும் பாடி வெளியிட விரும்பும் தனியிசைக் கலைஞர், ஒரே பாடலுக்குள் இரண்டு தனித்தனிப் பதிப்புரிமைகள் இருப்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வரிகளும் மெட்டும் சேர்ந்த இசைப்படைப்பு ஒன்று. அதைப் பாடி, வாசித்து, ஒலிப்பதிவாக்கிய மாஸ்டர் மற்றொன்று. பாட்டையும் வாத்தியங்களையும் நீங்களே புதிதாகப் பதிவுசெய்தால் பழைய மாஸ்டரை நீங்கள் தொடவில்லை. ஆகவே அதன் உரிமையாளரிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. இசைப்படைப்பின் உரிமையாளரிடம் மட்டும் உரிமம் பெற்றாக வேண்டும். பழைய பதிவிலிருந்து ஓர் இடையிசைத் துணுக்கை வெட்டிச் சேர்த்தால் அது கவர் என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. அப்போது இரு தரப்பின் அனுமதியும் தேவை. கரோக்கே ட்ராக்கின் மேல் பாடுவோர் இங்கேதான் பெரும்பாலும் தவறுகிறார்கள். அந்த ட்ராக்கும் ஒருவர் உழைத்து உருவாக்கிய ஒலிப்பதிவே என்பதால், வணிக வெளியீட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று அதைத் தயாரித்தவர் எழுத்தில் தந்தாலன்றி அதைத் தொடக் கூடாது.

இசைப்படைப்பின் உரிமை யாரிடம் உள்ளது என்று கண்டறிவது அடுத்த வேலை. பாடகரின் பெயரைக்கொண்டு தேடினால் பெரும்பாலும் பயனில்லை. பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் பெயர்களைக்கொண்டு தேட வேண்டும். ஸ்ட்ரீமிங் தளங்கள் தரும் தொகையைப் பாடல் உரிமையாளர்களுக்குப் பிரித்தளிக்கும் அமெரிக்க அமைப்பான மெக்கானிக்கல் லைசென்சிங் கலெக்டிவ் தன் தரவுத்தளத்தை எவரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறது, பாடல் இயற்றுவோருக்கான ஆஸ்கேப், பி.எம்.ஐ. ஆகிய அமெரிக்க அமைப்புகள் இணைந்து தொடங்கிய சாங்வியூ என்ற தரவுத்தளமும் உண்டு. ஒரே பாடலின் உரிமை பலரிடம் பங்கு பங்காகப் பிரிந்திருக்கலாம். நேரடியாக அனுமதி கேட்கும்போது ஒரு பங்குதாரரின் சம்மதம் மற்றவரின் சம்மதமாகிவிடாது. திரைப்பாடலாக இருந்தால், இயற்றியவரிடமிருந்து உரிமை தயாரிப்பாளருக்கோ இசை நிறுவனத்துக்கோ போயிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இயற்றியவர் மறைந்து நெடுங்காலம் ஆகியிருந்தால் பதிப்புரிமை முடிந்து பாடல் பொதுவுடைமையாகியிருக்கலாம்: இந்தியாவில் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள், பல நாடுகளில் 70 ஆண்டுகள். அப்போதும் பாடலாசிரியர், இசையமைப்பாளர் இருவரின் ஆண்டுகளையும் பாருங்கள். பழைய வரிகளுக்குப் பிற்காலத்தில் ஒருவர் அமைத்த மெட்டு அவருடைய உரிமையாகவே இருக்கும்.

இனி உரிமத்துக்கு வருவோம். பாடலின் பிரதிகளை உருவாக்கி விநியோகிக்கத் தரப்படுவது மெக்கானிக்கல் உரிமம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு இதைக் கட்டாய உரிமமாக்கியிருக்கிறது. அதாவது, உரிமையாளரின் ஒப்புதலோடு ஒருமுறை ஒலிப்பதிவாக வெளிவந்துவிட்ட பாடலை, உரிய அறிவிப்பும் தொகையும் தந்து எவரும் மீண்டும் பதிவுசெய்யலாம். உரிமையாளர் மறுக்க இயலாது. இந்த ஏற்பாடு 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பிரதிக்கு 2 சென்ட் என்ற விகிதத்தில் தொடங்கியது. 2025-இல் குறுந்தட்டு, இசைத்தட்டு, பதிவிறக்கம் ஆகியவற்றுக்கு விகிதம் பிரதிக்கு 12.7 சென்ட், ஐந்து நிமிடத்தைத் தாண்டும் பாடலுக்கு நிமிடத்துக்கு 2.45 சென்ட் என இருந்தது; நிமிடத்தின் பகுதியும் முழு நிமிடமாகவே கொள்ளப்படும். அந்த விகிதத்தில் நான்கு நிமிடப் பாடலுக்கு 500 தட்டுகள் என்றால் 63.50 டாலர், ஐந்து நிமிடம் பத்து வினாடி ஓடும் பாடல் ஆறு நிமிடமாகக் கணக்கிடப்பட்டுப் பிரதிக்கு 14.7 சென்ட் ஆகும். சிறு எண்ணிக்கையில் தட்டுகள் வெளியிடுவோர் ஹாரி ஃபாக்ஸ் ஏஜென்சி என்ற அமெரிக்க உரிம நிறுவனத்தின் சாங்ஃபைல் சேவை வழியாக இந்த உரிமத்தைப் பெறலாம். ஸ்ட்ரீமிங்குக்கு நீங்கள் தனியே அலைய வேண்டியதில்லை. 2021 முதல் அமெரிக்காவில் தளங்களே மொத்த உரிமம் பெற்று எழுதியவர்களுக்கான தொகையைச் செலுத்துகின்றன. பதிவிறக்கத்துக்கான உரிமத்தை, உங்கள் பாடலைத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோக நிறுவனம் பெற்றுத் தருமா, அல்லது நீங்களே பெற வேண்டுமா என்பதை அதனிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியச் சட்டத்தின் வழி இதைவிடக் கடினமானது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 31-சி பிரிவின்படி கவர் பதிவுசெய்ய, முதல் ஒலிப்பதிவு நிகழ்ந்த ஆண்டு முடிந்தபின் ஐந்து முழு ஆண்டுகள் கழிய வேண்டும். 2022-இல் பதிவான பாடலுக்கு 2028-இல்தான் வழி திறக்கும். முன்னறிவிப்பும் முன்பணமும் கட்டாயம். ஒவ்வொரு பாடலுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியைச் செலுத்த வேண்டும். குறிப்பிட்ட மொழிப் படைப்புகளுக்கு இந்த அளவைக் குறைத்து நிர்ணயிக்க இடம் உண்டு. அட்டையில் முதற்பாடகரின் பெயரோ படமோ இருக்கக் கூடாது. இது கவர் பதிப்பு என்று வெளிப்படையாக எழுத வேண்டும். தனியாக இயங்கும் கலைஞருக்கு இந்தக் குறைந்தபட்சத் தொகை பெருஞ்சுமை என்பதால், உரிமையாளரிடமோ பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் உரிமைகளை நிர்வகிக்கும் இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டியிடமோ நேரடியாக அணுகி எழுத்துவழி உரிமம் பெறுவதே நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து. பிரிட்டனில் எம்.சி.பி.எஸ்., ஜெர்மனியில் கெமா எனப் பிற நாடுகளிலும் இதற்கென அமைப்புகள் உள்ளன.

எந்த உரிமமும் அதில் சொல்லப்பட்ட செயலுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை நான் மிகவும் வற்புறுத்துவேன். உங்கள் குரலுக்கேற்பச் சுருதியை மாற்றலாம், வேகத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், வேறு வாத்தியங்களைச் சேர்க்கலாம். அமெரிக்கக் கட்டாய உரிமம் இவ்வளவுக்கு இடம் தருகிறது. ஆனால் மெட்டின் அடிப்படையையோ பாடலின் இயல்பையோ மாற்றவும், வரிகளைத் திருத்தவும், வேறு மொழியில் பெயர்த்துப் பாடவும் அது போதாது. இந்தியச் சட்டமோ, பதிவுசெய்வதற்குத் தொழில்நுட்பரீதியாக அவசியமற்ற எந்த மாற்றத்தையும் முன்சம்மதம் இன்றி ஏற்பதில்லை. மொழிபெயர்ப்பு தனிப் படைப்பாகவே கருதப்படுவதால், எழுதி முடித்த வரிகளையும் இணைத்து உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் மறுத்தால் கைவிட வேண்டியதுதான். பல பாடல்களைக் கோத்துப் பாடினால் ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம் வேண்டும்.

காணொளிக்கும் இதே நெறிதான். பாடலை அசையும் படத்தோடு இணைக்கச் சிங்க் உரிமம் தேவை. இதற்குக் கட்டாய விகிதம் கிடையாது, உரிமையாளர் கேட்கும் தொகையே தொகை. யூடியூபில் கவர் காணொளிகள் ஏராளமாக இருப்பதற்குக் காரணம், பல உரிமையாளர்கள் கன்டென்ட் ஐடி என்ற யூடியூபின் தானியங்கி அடையாளக் கருவி மூலம் உரிமை கோரி விளம்பர வருவாயை எடுத்துக்கொள்வதோ பகிர்ந்துகொள்வதோதான். அதே உரிமையாளர் நாளை காணொளியை நீக்கச் சொல்லவும் முடியும். ஸ்ட்ரீமிங் தளத்தில் பாடல் சட்டப்படி இருக்கிறது என்பதால் காணொளியும் சட்டப்படியானது என்று எண்ணிவிடாதீர்கள்.

விநியோக நிறுவனத்தின் படிவத்தை நிரப்பும்போது, இது கவர் என்பதைக் குறிப்பிட்டு, பாடலாசிரியர், இசையமைப்பாளர் இடங்களில் மூலப் படைப்பாளர்களின் பெயர்களை எழுத்துப் பிழையின்றி இடுங்கள். ராயல்டி அவர்களைச் சென்றடைவது இந்தப் பெயர்களைப் பொறுத்தே அமைகிறது. கலைஞர் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயர் மட்டுமே இருக்க வேண்டும். உங்களுடையது புதிய ஒலிப்பதிவு ஆகையால் ஒவ்வொரு ஒலிப்பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணைப் புதிதாகப் பெற வேண்டும். பழைய பதிவின் எண்ணை இட்டால் வருவாய்க் கணக்கே குழம்பிவிடும். நேரடியாகக் கேட்கும் அனுமதிக்குப் பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், எழுத்தில் உரிமம் கைக்கு வந்தபிறகே வெளியீட்டுத் தேதியை அறிவியுங்கள்.