ஆசிரியர் இல்லாமல் பியானோவில் அடுத்த கட்டத்துக்குப் போவது எப்படி?

பியானோ தேர்வுகளில் நடுத்தர நிலையான கிரேடு 5 அளவுக்கு வாசிக்கிறீர்கள், ஆனால் சொல்லித்தர ஆள் இல்லை. அப்படியானால் முதலில் வேகத்தைத் துரத்துவதை நிறுத்துங்கள். ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் முக்கியமாக இரண்டைக் கவனிப்பார்: கை எங்கே இறுகுகிறது, எந்த ஸ்வரம் சீராக விழவில்லை. இந்த இரண்டையும் இனி நீங்களே பிடிக்க வேண்டும்.

முதலில் கை. இசையமைப்பாளர் ஷோப்பான் தன் மாணவர்களை வெள்ளைக் கட்டைகள் மட்டுமே வரும் சி மேஜரில் தொடங்கவைக்கவில்லை, கறுப்புக் கட்டைகள் நிறைந்த பி மேஜர் ஸ்கேலில் (ஸ்வர வரிசையில்) தொடங்கவைத்தார். வலது கைப் பெருவிரலை இ (E) கட்டையிலும் சுண்டுவிரலை அதற்கு மேலுள்ள பி (B) கட்டையிலும் வையுங்கள். நடுவிலுள்ள மூன்று நீண்ட விரல்களும் கறுப்புக் கட்டைகள் மேல் தானாகவே உட்காரும். கை எப்படி இருக்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஸ்கேல் வாசிக்கையில் பெருவிரல் மற்ற விரல்களின் அடியில் நுழையும்போது மணிக்கட்டை முறுக்காதீர்கள். முன்கை முழுவதும் பக்கவாட்டில் நகரட்டும்.

அப்புறம், கைபேசியைக் கட்டைகளின் உயரத்தில் பக்கவாட்டில் வைத்துப் படம்பிடியுங்கள். ஒருமுறை ஒலியில்லாமல் பாருங்கள்: தோள் ஏறுகிறதா? அடுத்தமுறை பார்க்காமல் கேளுங்கள். பெரும்பாலும் நான்காம் விரல்தான் மங்கலாக ஒலிக்கும். வலி வந்தால் அன்றைக்கு அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

அடுத்து இசையமைப்பாளர் பாக். என் கணிப்பில் இதைத் தாண்டிப் போக வழியே இல்லை. இரண்டு குரல்களில் (ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் மெட்டுகளில்) அமைந்த அவருடைய 15 இன்வென்ஷன்கள் என்ற சிறு படைப்புகளில் நான்கைந்தை நன்றாக வாசியுங்கள். பிறகு மூன்று குரல் சின்ஃபோனியாக்கள், அதன்பின் 'வெல் டெம்பர்டு கிளேவியர்' முதல் புத்தகத்தின் சி மைனர் ஃபியூக் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வளர்க்கும் படைப்பு). ஒரு குரலை வாய்விட்டுப் பாடிக்கொண்டே மற்றவற்றை வாசியுங்கள். எங்கே பாட்டு தடுமாறுகிறதோ, அங்கே அந்தக் குரல் இன்னும் உங்கள் காதுக்குள் வரவில்லை. திரும்ப, தடுமாறிய இடத்தைச் சுற்றியுள்ள நான்கு பார்களுக்கு (தாளக் கட்டங்களுக்கு) மட்டும் போங்கள்.

எட்யூட்களுக்கு, அதாவது விரல் பயிற்சிக்கான படைப்புகளுக்கு, செர்னி எழுதிய ஓபஸ் 299 (ஓபஸ் என்பது படைப்பு எண்) போதும். அச்சில் இருக்கும் மெட்ரோனோம் (தாளம் காட்டும் கருவி) வேகத்தைப் பொருட்படுத்தாதீர்கள். பிறகு மோஷ்கோவ்ஸ்கி ஓபஸ் 72. இவையெல்லாம் ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இசைக்குறிப்புத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஷோப்பானின் எட்யூட்களில் ஓபஸ் 25 எண் 2-இல் தொடங்கலாம். ஓபஸ் 10 எண் 2 இப்போதைக்கு வேண்டாம். அதில் வலது கையின் மூன்று, நான்கு, ஐந்தாம் விரல்களே குரோமாட்டிக் ஸ்கேலை (எந்தக் கட்டையையும் விடாமல் போகும் ஸ்வர வரிசையை) ஓட்டுகின்றன. இறுக்கத்தைக் கண்டுபிடிக்கப் பழகாத கை அதில் எளிதில் காயப்படும்.