கத்திரிக்கு முன்னால் முடிக்க வேண்டிய குழாய் வேலை

வடசென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் போர் போட்ட வீடுகளில் உப்புத் தண்ணீர் சகஜம், கடல் அவ்வளவு பக்கம். அந்த உப்பும் மே மாதக் கத்திரி வெயிலும் சேர்ந்துதான் நம் வீட்டுக் குழாய்களைக் கெடுக்கின்றன. ஏப்ரலிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கிவிடுங்கள், மே வந்துவிட்டால் பிளம்பர் கிடைப்பது குதிரைக்கொம்பு.

முதலில் மாடிக்குப் போய் டேங்கிலிருந்து இறங்கும் லைனில் உள்ள கேட் வால்வைத் திருகிப் பாருங்கள். என்னைக் கேட்டால் மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். வருஷக்கணக்கில் தொடாத வால்வு உப்பு படிந்து இறுகிப்போயிருக்கும், கீழே எங்காவது குழாய் உடைந்தால் காசு கொடுத்து வாங்கிய லாரித் தண்ணீர் மொத்தமும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பாருங்கள், ரென்ச் போட்டு முரட்டுத்தனமாக முறுக்கினால் தண்டு முறிந்துவிடும். அசையவே இல்லை என்றால் பிளாஸ்டிக் பால் வால்வாக (ball valve) மாற்றிவிடுங்கள், அது உப்புக்கு அரிக்காது.

அங்கேயே வெயிலில் கிடக்கும் பிவிசி பைப்பை விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாக மாவு ஒட்டினால் வெயில் அதைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. நல்ல நிலையில் இருக்கும் பைப்புக்கு வெளிர் நிறத்தில் எமல்ஷன் பெயின்ட் அடித்தால் போதும், ஆயில் பெயின்ட் வேண்டாம். ஹீட்டர் லைனுக்கு மட்டும் கண்டிப்பாக சிபிவிசி, அது 93 டிகிரி வரை தாங்கும், சாதா பைப் 60-ஐத் தாண்டினால் இளகிவிடும்.

ஷவரிலும் குழாய் முனை வலையிலும் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு வினிகரில் ஊறவைத்தால் கரையும். ஆசிட் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் ஒன்று சொல்கிறேன், பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஊற்றவே ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைத்துவிடும்.

லீவுக்கு ஊருக்குப் போகிறீர்களா? பாத்ரூம் டிராப்பில், அதாவது தண்ணீர் வெளியேறும் ஓட்டைக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவில், ஒரு மக் தண்ணீரும் மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெயும் ஊற்றிவிட்டுப் போங்கள். டிராப் காய்ந்தால் சாக்கடை நாற்றமும் கரப்பானும் வீட்டுக்குள் வந்துவிடும்.

சத்தமில்லாத கசிவு பெரும்பாலும் ஃபிளஷ் டேங்கில்தான். அதில் கொஞ்சம் காபி டிகாக்‌ஷனை ஊற்றி, கால் மணி நேரம் யாரையும் ஃபிளஷ் பண்ண விடாதீர்கள். கிளாசெட்டில் நிறம் இறங்கியிருந்தால் அடி வாஷர் போய்விட்டது, அன்றைக்கே மாற்றுங்கள்.