"4-க்குக் கீழதான இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள்

போன மாதம் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, புரோஸ்டேட் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடமான ஒருவருடைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "பி.எஸ்.ஏ. 0.6தான் ஐயா, 4 வரைக்கும் நார்மல், நிம்மதியா இருங்க" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். பி.எஸ்.ஏ. என்பது புரோஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் ஒரு புரதம், ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் கிட்டத்தட்ட இதையேதான் நானும் ஒருவரிடம் சொன்னேன்.

நாங்கள் மதுரையிலிருந்து நடத்துவது சின்னக் குழு. இந்த நோயோடு இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் மாதம் 100, 200 என்று போடும் பணத்தில் உதவிக்கு ஒரு போன், வாட்ஸ்அப்பில் தமிழில் தகவல், ஞாயிறு மாலை வீடியோவில் பேச்சு, அவ்வளவுதான். நானும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவன். புதிதாக உதவ வருகிறவர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள், ஆனால் நான் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். மருந்து எழுதிக் கொடுக்காதே, மூலிகையைப் பரப்பாதே, நோயாளியின் பெயரை வெளியில் சொல்லாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

எண்ணை மட்டும் பார்ப்பது

லேப் ரிப்போர்ட்டில் பி.எஸ்.ஏ.வுக்கு எதிரே 0–4 என்று அச்சடித்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி அச்சாகிற வரி அது. ரத்தம் கொடுத்தவருக்குச் சுரப்பி உள்ளே இருக்கிறதா, எடுத்தாயிற்றா, ரேடியேஷன் முடிந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எதையும் பார்த்து அச்சடிப்பதில்லை.

தேனிப் பக்கம் ஒருவர், மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், 68 வயது. "தம்பி, 3.7 வந்திருக்கு, பெரிய டாக்டர்ட்ட காட்டுங்கன்னு சொல்றாங்க, பயாப்ஸினு நினைச்சாலே பயமா இருக்கு" என்றார். பயத்தைப் போக்குவதுதான் என் வேலை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். "4-க்குக் கீழதான இருக்கு அண்ணே, ஆறு மாசம் கழிச்சு எடுத்துப் பாத்துக்கலாம்" என்று சொன்னேன். அவர் அழாத குறையாக நன்றி சொன்னார். ஆறு மாதத்தில் எடுக்கவும் இல்லை, நானும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. 13 மாதம் கழித்து அவர் மகன் பேசினார். இடுப்பு வலி என்று போய், எலும்பு ஸ்கேனில் பரவியிருப்பது தெரிந்திருக்கிறது.

அப்புறம்தான் அவர் வீட்டுக்குப் போனேன். மஞ்சள் பையிலிருந்து பழைய மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்தார்கள். நீர் சரியாகப் பிரியவில்லை என்று இரண்டு வருடமாக டாம்சுலோசினும் டூட்டாஸ்டெரைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டு வந்திருக்கிறார். டூட்டாஸ்டெரைடு சுரப்பியைச் சுருக்கும், கூடவே பி.எஸ்.ஏ.வையும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய பாதியாக்கிவிடும். ஆகவே அவருடைய 3.7-ஐ 7.4 என்ற கணக்கில் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் அவருடைய மருத்துவரும் சொன்னார். ஆனாலும் போகக் கிளம்பியவரை நிறுத்தியது நான். ஹார்மோன் ஊசியில் மூன்று வருடம் இருந்தார், ஒரு தடவைகூட என்னைக் குறை சொல்லவில்லை, எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அதனால் எண்ணைக் கேட்பதற்கு முன்னால் மாத்திரையைக் கேளுங்கள். பெயர் தெரியாது என்பார்கள், அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் ஃபினாஸ்டெரைடும் இதே வேலையைச் செய்யும், அதைச் சொல்ல ஆண்கள் கூச்சப்படுவார்கள், நீங்களாகக் கேட்க வேண்டும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் குறைந்திருந்த பி.எஸ்.ஏ. மறுபடி ஏறத் தொடங்கினால், 4-ஐத் தொடாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அறுவை சிகிச்சையில் சுரப்பியை எடுத்துவிட்டவருக்கு பி.எஸ்.ஏ. அளக்க முடியாத அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். 0.2 தொட்டு, அடுத்த பரிசோதனையிலும் அப்படியே வந்தால் நோய் திரும்புகிறதோ என்று பார்ப்பார்கள், ரேடியேஷன் தேவையென்றால் எண் குறைவாக இருக்கும்போதே கொடுத்தால்தான் பலன் அதிகம். அவரிடம் போய் 0.6 நார்மல் என்பதா? அந்தத் தம்பியை அன்று ராத்திரியே திரும்பப் பேச வைத்தேன், அந்த வாரமே அவர் தன் மருத்துவரைப் பார்த்துவிட்டார். ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு வேறு கதை: மெதுவாக இறங்கும், நடுவில் கொஞ்சம் ஏறி இறங்குவதும் உண்டு, பொதுவாக மிகக் குறைந்த அளவிலிருந்து 2 கூடினால்தான் திரும்பிவிட்டதாகக் கணக்கு. சிறுநீர்த் தொற்று, டியூப் போட்டிருந்தது, சமீபத்தில் பயாப்ஸி எடுத்தது என்றாலும் எண் ஏறும். அதையும் கேட்காமல் பயமுறுத்தாதீர்கள்.

நமக்கு நடந்ததை அடுத்தவருக்குச் சொல்வது

"வெட்டி எடுத்துடுங்க, நான் எடுத்துட்டு நல்லாத்தான இருக்கேன்" என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். பிரிட்டனில், சுரப்பிக்குள்ளேயே அடங்கிய புற்றுநோய் உள்ள 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை சிகிச்சை, ரேடியேஷன் என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். 15 வருட முடிவு 2023-இல் வந்தது. மூன்று பிரிவிலுமே இந்த நோயால் இறந்தவர்கள் 100-க்கு 3 பேர் அளவுதான். சிறுநீர்க் கசிவிலும் தாம்பத்தியத்திலும் பெரிய வித்தியாசம் இருந்தது. அதனால் ஆரம்ப நிலையில் இருப்பவரிடம் மருத்துவரைக் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக் கொடுங்கள், முடிவைக் கொடுக்காதீர்கள். பரவிய நோய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

"சாப்பிட்டுட்டு மாத்திரை போடுங்க"

நம்மூரில் யார் மாத்திரை என்றாலும் இதைச் சொல்லிவிடுவோம். பரவிய புரோஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அபிராடெரோன் மாத்திரைக்குச் சொல்லாதீர்கள். வழக்கமான 1,000 மில்லிகிராம் அளவில் அதை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும், சாப்பாட்டோடு போனால் ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். கூடவே கொடுக்கும் பிரெட்னிசோலோனைத்தான் சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள்.

முதுகுவலியை நாளைக்குத் தள்ளுவது

நோய் எலும்புக்குப் பரவியவருக்குப் புதிதாக முதுகுவலி, கால் மரத்துப்போவது, நீர் அடைப்பு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, ராத்திரியானாலும்.

அட்டையைக் கேட்காமல் வசூல் ஆரம்பிப்பது

முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் கிடைக்கும். அட்டை வாங்க ஓர் ஆள் கூடப் போய் வருவது, பத்தாயிரம் வசூலித்துக் கொடுப்பதைவிடப் பெரிய உதவி.

தனிநபர் ஜிபே எண்ணில் நன்கொடை

கூடாது.

வெளிநாட்டுப் பணம்

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பும் நன்கொடையை, வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு இல்லாமல் தொடக் கூடாது. சொந்தக்காரராக இருந்தாலும் எந்த பாஸ்போர்ட் என்று கேளுங்கள்.

ஆண்களிடம் மட்டும் பேசுவது

ஆண்கள் பி.எஸ்.ஏ. கேட்பார்கள், ஸ்கேன் கேட்பார்கள். ராத்திரி இரண்டு தடவை லுங்கி மாற்ற வேண்டியிருப்பதை, படுக்கையைத் தனியாகப் போட்டுக்கொண்டதைச் சொல்லவே மாட்டார்கள். எங்களுக்கு அதெல்லாம் தெரிய வந்தது அவர்கள் மனைவிமார் மூலம்தான். கணவர் டீக்கடைக்குப் போன நேரம் பார்த்துக் கூப்பிட்டு, நான் எடுத்ததும் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்ட பெண்கள் எத்தனையோ பேர். அப்புறம்தான், கணவருக்கு இந்தச் சிகிச்சை நடந்த இரண்டு அக்காமார் போனை எடுக்க முன்வந்தார்கள். கசிவு பெரும்பாலானோருக்குச் சில மாதத்திலிருந்து ஒரு வருடத்தில் குறையும், இடுப்புத் தசைப் பயிற்சியை இப்படிச் செய்யச் சொல்லுங்கள், பேடு இந்தக் கடையில் கிடைக்கும், உறவு பற்றி மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம் என்று அவர்கள் பேசுகிற மாதிரி எனக்குப் பேச வராது. புதன்கிழமை காலை 11 மணிக்கு அந்த போன் அடித்தால் அவர்கள் எடுப்பார்கள், நீங்கள் எடுக்க வேண்டாம்.